பாதிரிக்குடியார் காவலில் ஒரு மலை

மதுரைக்கு வருகிற வெளியூர் நண்பர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்ட வழக்கமான ஒரு வரிசை உண்டு. மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், மகால், தமுக்கத்துப் பக்கம் காந்தி மியூசியம், இருட்டியதும் கறி தோசை, கடைசியில் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா. எதையும் விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் என்னிடம் கேட்டுவிட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது வேறு: "ஞாயிற்றுக்கிழமை காலைல இங்க இருக்கிற மாதிரி டிக்கெட் போடுங்க. பசுமை நடை இருந்தா மலைக்குப் போயிட்டு வருவோம்."

மதுரையின் பழங்கதையில் பெரும்பகுதி ஊரைச் சுற்றி நிற்கும் மலைகளில்தான் இருக்கிறது. யானைமலை, அழகர்மலை, திருப்பரங்குன்றம், சமணமலை, அரிட்டாபட்டி, மாங்குளம், கீழவளவு, கருங்காலக்குடி, கொங்கர்புளியங்குளம், விக்கிரமங்கலம், மேட்டுப்பட்டிச் சித்தர்மலை, வரிச்சியூர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றிலும் இயற்கையான ஒரு குகைத்தளம் இருக்கும். உள்ளே சமணத் துறவிகளுக்காக வழுவழுப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள். மழைநீர் உள்ளே இறங்காமல் இருக்கக் குகையின் நெற்றியில் வெட்டிய காடி. அந்தக் காடியை ஒட்டி, அண்ணாந்து பார்த்தால் தெரிகிற உயரத்தில், தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் ஒரு வரியோ இரண்டு வரியோ. தமிழ்நாட்டிலேயே இந்த எழுத்துகள் மிக அதிகமாகக் கிடைத்த வட்டாரம் நம்முடையது. நானும் இந்த ஊரிலேயே பிறந்து, இங்கேயே படித்தவன்தான். பள்ளிக்கூடத்தில் ஒருவரும் எங்களை அங்கே அழைத்துப்போனதில்லை. பிள்ளைகளாக இருந்தபோது பார்க்க வேண்டியதை முப்பது வயதுக்கு மேல் பார்க்க வைத்தது பசுமை நடை என்கிற குழுதான்.

இந்தக் குழு தொடங்கியதே ஒரு மலைக்காகத்தான். 2010-ல் யானைமலையைச் செதுக்கிச் சிற்ப நகரம் ஆக்கலாம் என்று ஒரு திட்டம் பேசப்பட்டது. ஒத்தக்கடை, நரசிங்கம் பக்கத்து மக்கள் கொதித்து எழுந்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அந்த நேரத்தில் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் யானைமலையைப் பற்றி எழுதினார், நண்பர்களைத் திரட்டிக்கொண்டு மலைக்கும் போனார். பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஒரு ஞாயிறு, ஒரு மலை, ஒரு பேச்சு. அங்கே வந்து பேசுகிறவர்கள் வெ. வேதாசலமும் சொ. சாந்தலிங்கமும். இருவரும் தொல்லியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அறிஞர்கள். மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றங்களைப் பற்றி வேதாசலம் ஐயா எழுதிய 'எண்பெருங்குன்றம்' இந்தத் துறையில் தவிர்க்க முடியாத புத்தகம். பல்கலைக்கழக அரங்கில் ஆய்வாளர்களுக்கு மட்டும் கேட்கக் கிடைக்கிற விஷயத்தை, கைலி கட்டிக்கொண்டு வந்த ஆட்டோக்காரர் அண்ணனும் பேத்தியைக் கையில் பிடித்து வந்த பாட்டியும் பாறையில் உட்கார்ந்து கேட்கிறார்கள். இந்த நடையின் பெரிய காரியம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

போகாதவர்களுக்காக, அந்தக் காலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன்.

இருட்டு முழுக்க விலகாத நேரத்தில், ஊருக்கு வெளியே ஏதாவதொரு முக்குச் சந்திப்பில் டூவீலர்கள் வந்து சேரும். டீக்கடையில் ஒரு டீ. வண்டி இல்லாதவர்களை யாராவது ஏற்றிக்கொள்வார்கள். மலையடிவாரத்துக்குப் போய் வண்டிகளை மரத்தடியில் நிறுத்திவிட்டு, கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு ஏற்றம். செங்குத்தான இடங்களில் கம்பிப்பிடி போட்ட மலைகள் சில உண்டு, வெறும் பாறையில் தவழ்ந்து போகிற மலைகளும் உண்டு. குகைத்தளத்துக்கு வந்ததும் எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள். அன்றைய கல்வெட்டும் அதன் பொருளும் அச்சிட்ட கைப்பிரதி ஒன்று தருவார்கள். அதை வைத்துக்கொண்டு மேலே பாறையைப் பார்க்கலாம். பேச்சு முடிந்ததும் கேள்விகள். பிறகு கீழே இறங்கி மரநிழலில் இட்லியோ பொங்கலோ. பத்து மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம், ஞாயிற்றுக்கிழமைக் கறி வாங்கக்கூட நேரம் இருக்கும்.

விடிகாலையில் போவதற்கு வெயில் மட்டும் காரணம் இல்லை. ஆழமில்லாமல் வெட்டிய பழைய எழுத்துகள் உச்சி வெயிலில் பாறையோடு பாறையாக மறைந்துபோகும். காலை வெளிச்சம் சாய்ந்து விழும்போதுதான் கோடுகளின் ஓரத்தில் நிழல் கட்டி எழுத்து எழுந்து நிற்கும். புத்தகத்தில் அச்சான படத்தைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது. அந்த இடத்தில், அந்த நேரத்தில் நிற்க வேண்டும். கல்வெட்டை எழுத்து எழுத்தாகக் காட்டிப் படிக்கும்போது, முதல் எழுத்து பிடிபடும்வரை ஒன்றும் புரியாது. ஒரு 'க' தெரிந்துவிட்டால், அடுத்து ஒரு 'ம' தெரியும், பிறகு கண் தானாகத் தேடத் தொடங்கிவிடும். ஒருமுறை ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பையன் கைப்பிரதியைப் பார்க்காமலே மூன்று எழுத்தைச் சொல்லிவிட்டு, சரிதானா என்று சுற்றியிருந்தவர்களைப் பார்த்தான். சரியாகத்தான் சொல்லியிருந்தான். கைதட்டல் மலையில் எதிரொலித்தது.

எனக்கு மிகவும் பிடித்தவை அழகர்மலைக் கல்வெட்டுகள். அழகர்கோவிலுக்கு ஆயிரம் தடவை போன மதுரைக்காரர்களில் பலர் அந்தக் குகைத்தளத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே கற்படுக்கை செய்து கொடுத்தவர்களின் பட்டியலைப் பாருங்கள்: மதுரைப் பொன்கொல்லன் ஒருவர், உப்பு வணிகர், வெல்லப்பாகு விற்கிற பாணித வணிகர், இரும்புக் கொழு விற்கிறவர், அறுவை வணிகர் என்கிற துணி வியாபாரி. அரசன் பெயரைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அது பெரிய மகிழ்ச்சி. நகைக்கடைக்காரரும் ஜவுளிக்கடைக்காரரும் சேர்ந்து நன்கொடை கொடுத்து ஒரு காரியத்தைச் செய்வது மதுரையில் இன்றைக்கும் நடக்கிறது. மாசி வீதிகளில் கடை வைத்திருக்கிறவர்களின் தொழில்முன்னோர்கள் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் தங்கள் தொழிலையும் பெயரையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டு வைத்த இடம் அது. மதுரை வணிகர் சங்கங்கள் தங்கள் ஆண்டு விழாவை ஒருமுறை அங்கே வந்து நடத்த வேண்டும் என்பது என் ஆசை.

மாங்குளத்தில் அரசன் பெயரே இருக்கிறது. மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஓவாமலை. 1882-ல் ராபர்ட் சீவெல் அங்கே எழுத்துகள் இருப்பதைப் பார்த்துச் சொன்னார். ஆனால் அவை என்ன மொழி, என்ன சொல்கின்றன என்று வெகுநாள் ஒருவருக்கும் பிடிபடவில்லை. 1924-ல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இந்தக் குகைக் கல்வெட்டுகள் தமிழ்தான் என்று நிறுவினார். பின்னால் ஐராவதம் மகாதேவன் வரிவரியாக ஆராய்ந்து, 2003-ல் வெளிவந்த தன் பெருநூலில் எல்லாவற்றையும் தொகுத்தார். கணி நந்தன் என்ற துறவிக்காகப் பாண்டியன் நெடுஞ்செழியனின் அதிகாரி ஒருவர் பள்ளி, அதாவது துறவியர் உறைவிடம், அமைத்துக் கொடுத்த செய்தி அங்கே இருக்கிறது. வெள்ளறை என்ற ஊரின் நிகமத்தார், அதாவது வணிகக் குழுவினர், கொடுத்த கொடையும் இருக்கிறது. சங்கப் பாட்டில் மட்டும் கேட்டிருந்த ஒரு பெயரைப் பாறையில் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும். அந்த மலை ஏறுவதற்குக் கொஞ்சம் கடினம்தான். முட்டி வலி உள்ளவர்கள் யோசித்து வாருங்கள், ஆனால் வாருங்கள்.

சமணமலைக்குக் கடினமே இல்லை. நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி. அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், பரந்து கிடக்கும் ஆலமரம். பசுமை நடையின் 25ஆவது நடையை அந்த ஆலமரத்தடியில்தான் விருட்சத் திருவிழா என்று கொண்டாடினார்கள். மலையின் ஒரு பக்கம் செட்டிப்புடவு, குகை வாசலில் பெரிய தீர்த்தங்கரர் சிற்பம். இன்னொரு பக்கம் பேச்சிப்பள்ளம், பாறைச்சுவரில் வரிசையாகத் தீர்த்தங்கரர்களும் பாகுபலியும், கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்களும். இந்த மலையில் அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் பெயரும் இருக்கிறது. மகன் துறவியாகிப்போன பிறகும் தாயின் பெயரைக் கல்லில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேட்டபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மலை உச்சியில் கன்னட எழுத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. கர்நாடகத்திலிருந்து சமணர்கள் இங்கே வந்துபோய் இருந்ததற்குச் சான்று. மதுரையை மீனாட்சி ஊராக மட்டும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இந்த மலை ஒரு புதிய வாசலைத் திறக்கும்.

யானைமலையில் இந்தச் சமணக் கதை இன்னும் சுவையானது. அங்கே நரசிங்கப் பெருமாள் குடைவரை இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி அதைக் குடைவித்தார். பணி நிறைவேறிக் குடமுழுக்கு நடக்கும் முன்பே அவர் காலமாகிவிட, தம்பி மாறன் எயினன் முடித்து வைத்தார். ஆண்டு 770. அதே மலையில் கொஞ்சம் தள்ளி, பாறையில் சமணத் திருமேனிகள். சுதை பூசி வண்ணம் தீட்டிய தடம் இன்றும் தெரிகிறது. அவற்றைக் காக்கும் பொறுப்பை நரசிங்கமங்கலத்துச் சபையார் ஏற்றதாகக் கல்வெட்டு சொல்கிறது. பெருமாள் கோயிலைச் சுற்றி அமைந்த ஊர்ச்சபை, சமணச் சிற்பத்துக்குக் காவல். சமணர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடந்த சண்டையின் கதையை மட்டும் நமக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் காவலின் கதையையும் அதே சத்தத்தோடு சொல்ல வேண்டும்.

இப்போது அரிட்டாபட்டிக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மேலூர்ப் பக்கம், மதுரையிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கிற ஊர். சுற்றிலும் ஏழு குன்றுகள், நிறையக் குளம், ஊருணி, வற்றாத சுனைகள். கழிஞ்சமலையில் தமிழிக் கல்வெட்டு இருக்கிறது. நெல்வெளியைச் சேர்ந்த ஒருவர் குகைத்தளம் அமைத்துக் கொடுத்த செய்தி. பக்கத்தில் இன்னொரு கல்வெட்டில் இலஞ்சியின் வேள் ஒருவரின் மகன் பெயர். மலையின் மறுபுறம் முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயில். அதில் கையில் தடியோடு உட்கார்ந்திருக்கும் இலகுலீசர் சிற்பம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இலகுலீசரைக் காண்பது மிக அரிது. பிறகு, குகைத்தளத்துக்கு மேலே பாறையில் மகாவீரர். கீழே வட்டெழுத்து.

அந்த வட்டெழுத்தைப் படித்துக் காட்டியபோதுதான் எனக்கு இந்த நடைகளின் அர்த்தம் முழுக்க விளங்கியது. திருப்பிணையன் மலையில் இந்தத் திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி. இதைக் காக்கும் பொறுப்பு பாதிரிக்குடியாருடையது. கல்வெட்டின் சாரம் இவ்வளவுதான். அச்சணந்தி சிலையை வெட்டிவிட்டுப் போய்விடவில்லை. பக்கத்து ஊர்க்காரர்களிடம் அதை ஒப்படைத்தார். ஊர்க்காரர்கள் சம்மதித்தார்கள். அந்த ஒப்பந்தம் பாறையிலேயே பதிவாகியிருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கிரானைட்டுக்காக மேலூர் வட்டாரத்து மலைகள் ஒவ்வொன்றாக அறுபட்ட காலத்தில் இந்த ஊர் குவாரியை எதிர்த்து நின்றது. மலையைச் சாமியாகக் கும்பிடுகிற ஊர். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாக 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 250 பறவை இனங்கள், அதில் லகுடு வல்லூறு போன்ற அரிய வேட்டைப் பறவைகளும் உண்டு. பறவைக்காரர்களும் கல்வெட்டுக்காரர்களும் ஒரே பாறையில் நின்று ஒருவர் மேலேயும் ஒருவர் பக்கவாட்டிலும் பார்த்துக்கொண்டிருப்பதை அங்கே காணலாம்.

இரண்டு வருடம்தான் ஆனது. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் கனிமத் தொகுதி என்ற பெயரில் அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 2,015 ஹெக்டேர் ஏலத்தில் விடப்பட்ட செய்தி வந்தது. பல்லுயிர்த் தலமும் அதற்குள் அடங்கியிருந்தது. அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி, வல்லாளபட்டி என்று ஊர் ஊராகக் கிராமசபைகள் கூடின. டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி மேலூர்ப் பக்கத்து மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரையை நோக்கித் திரண்டு வந்தார்கள். ஜனவரி 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அந்த மூன்று மாதமும் நான் கூர்ந்து கவனித்த ஒன்று உண்டு. கூட்டங்களில் பேசிய விவசாயிகளும் பெண்களும் நிலத்தைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் பேசினார்கள். அதே மூச்சில் தமிழிக் கல்வெட்டு, குடைவரைக் கோயில், சமணர் படுகை என்றும் பேசினார்கள். பாண்டியர் காலம் என்று தேதி சொன்னார்கள். மைக்கைப் பிடித்த ஒரு அம்மா, "எங்க மலையில ரெண்டாயிரம் வருசத்து எழுத்து இருக்கு, அதுக்கு என்ன வெல போடுவீங்க?" என்று கேட்டார். இந்த அறிவு ஒரே நாளில் வந்ததில்லை. மலையைக் கும்பிட்டுக் காத்த ஊர் முதலில். அதோடு, வருடக்கணக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு மலையில் நின்று அறிஞர்கள் பேசிய பேச்சு, அதைக் கேட்ட ஊர்ப்பிள்ளைகள், பத்திரிகைகளில் வந்த செய்திகள், கைப்பிரதிகள். எல்லாம் சேர்ந்துதான் அந்த அம்மாவின் கேள்வியாக வந்தது. போராட்டத்தை நடத்தியவர்கள் ஊர் மக்கள்தான், வெற்றி முழுக்க அவர்களுடையது. ஆனால் வரலாற்றுப் பேச்சு என்பது ஓய்வு நேரப் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் அரிட்டாபட்டியை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அறியாமல் விட்ட இடங்களில் என்ன நடந்தது என்பதற்குக் கீழவளவைச் சுற்றிப் பார்த்தால் போதும். அங்கே பஞ்சபாண்டவர் மலையில் ஒரு கல்வெட்டு, தொண்டியைச் சேர்ந்த ஒருவர் கொடுத்த பள்ளி. எழுத்துகள் வலமிருந்து இடமாக, சில தலைகீழாகக்கூட வெட்டப்பட்டிருக்கும். கடற்கரைத் தொண்டியிலிருந்து ஒருவர் இத்தனை தூரம் வந்து கொடை கொடுத்திருக்கிறார். அந்த ஒரு குன்று தப்பியது. ஆனால் அதன் மேல் நின்று நாலு பக்கமும் பாருங்கள். மலைகள் இருந்த இடத்தில் தண்ணீர் தேங்கிய பள்ளங்கள். அறுத்துப் போட்ட சதுரக் கற்கள். மதுரை மாவட்டக் கிரானைட் முறைகேடுகளை விசாரிக்க 2014-ல் உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தை நியமித்ததும் அடுத்த ஆண்டு அவர் அறிக்கை கொடுத்ததும் எல்லோருக்கும் தெரியும். அறுபட்ட மலைகளில் என்ன இருந்தது என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. யாராவது முன்பே ஏறிப் பார்த்து எழுதி வைத்திருந்தால் உண்டு.

நகருக்குள்ளும் இதே கதைதான். விசுவநாத நாயக்கர் காலத்துக் கோட்டை, எழுபத்திரண்டு கொத்தளங்கள், எழுபத்திரண்டு பாளையங்கள் என்று படித்திருப்போம். 1840-களை ஒட்டிக் கலெக்டர் பிளாக்பர்ன் அந்தக் கோட்டைச் சுவரை இடிக்க வைத்தார். அகழி தூர்ந்து, அந்த இடத்தில் வெளி வீதிகளும், மாரட் வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதியும் வந்தன. ஊர் விரிய வேண்டியிருந்தது, அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. மிச்சமிருக்கிற ஒரு கொத்தளம் பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கத்தில் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் வருத்தம். தினமும் அதைத் தாண்டி ஓடிப்போய்ப் பஸ் பிடிக்கிற பல்லாயிரம் பேருக்கு அது என்னவென்று தெரியாது. மேலமாசி வீதியில் காந்தி 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி காலை மேலாடையைக் களைந்து நாலு முழ வேட்டிக்கு மாறிய வீடும் இருக்கிறது. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிற கூட்டம் அந்த வாசலைக் கடந்துதான் போகும். நகருக்குள் இன்டாக் அமைப்பும் தானம் அறக்கட்டளையும் நடத்துகிற பாரம்பரிய நடைகளுக்கும் போங்கள். மலைக்கு ஏற முடியாத பெரியவர்களுக்கு அது வசதியும்கூட.

நடைகளைப் பற்றி என் மனதில் இருக்கிற சில கவலைகளையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் பெருகப் பெருக, பாறைக்கும் ஆபத்து பெருகும். கல்வெட்டின் மேல் சாக்பீஸ் தேய்த்துப் படம் எடுக்கிறார்கள். எழுத்து நன்றாகத் தெரியும்தான், ஆனால் தேய்க்கத் தேய்க்கக் கல்லின் மேற்பரப்பு போய்விடும். கற்படுக்கையில் காதலர் பெயரைக் கீறி வைக்கிறார்கள். சில இடங்களில் பெயின்ட். செட்டிப்புடவில் ஒரு ஞாயிறு எங்கள் குழு ஏறியபோது பாட்டில் துண்டுகளைத்தான் முதலில் பொறுக்க வேண்டியிருந்தது. தொல்லியல் துறையின் நீலப்பலகை மட்டும் காவல் ஆகாது. ஒவ்வொரு மலைக்கும் ஊரிலேயே ஒரு காவலரை, அந்த ஊர்க்காரராகப் பார்த்து, சம்பளம் கொடுத்து வைக்க வேண்டும். கல்வெட்டு என்ன சொல்கிறது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால், வருகிறவர்களுக்கு அவரே சொல்வார்.

இன்னொன்று, பெருமை பேசுகிற வேகத்தில் கல்லில் இல்லாததையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம். வாட்ஸ்அப்பில் மாங்குளத்துக்கு ஐயாயிரம் வருடம் என்று வருகிறது. வேண்டாமே. இரண்டாயிரத்துச் சொச்சம் வருடம் என்பதே எவ்வளவு பெரிய விஷயம்! வெல்லப்பாகு வணிகரின் பெயர் அழியாமல் நிற்கிறதே, அதைவிட என்ன வேண்டும்? மலையில் பேசும் அறிஞர்கள் எதையும் கூட்டிச் சொல்வதில்லை. எழுத்து சிதைந்திருந்தால் சிதைந்திருக்கிறது என்பார்கள். இரண்டு விதமாகப் படிக்க முடியும் என்றால் இரண்டையும் சொல்வார்கள். அந்த நேர்மையை நம் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். தேர்வுக்குப் படிக்கிற வரலாற்றுப் பாடத்தில் இது கிடைப்பதில்லை.

பள்ளிகள் இன்னும் இந்தப் பக்கம் வராதது எனக்குத் தீராத குறை. கீழடி அருங்காட்சியகம் 2023-ல் திறந்ததிலிருந்து பஸ் பஸ்ஸாக மாணவர்களைக் கூட்டிப்போகிறார்கள். மிகவும் நல்லது. அங்கே பானையோட்டில் கீறிய பெயர்களைக் கண்ணாடிக்குள் பார்த்த பிள்ளையை, அடுத்த மாதமே அழகர்மலைக்கோ சமணமலைக்கோ அழைத்துவந்து அதே எழுத்தைப் பாறையில் காட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எழுத்து தெரிந்த ஒரு ஊர் எப்படி வாழ்ந்தது என்பது பிள்ளைகளுக்குப் புரியும். தலைமையாசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு சனிக்கிழமை போதும் ஐயா, ஒரு வேன் போதும்.

வேறு ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு: உங்கள் ஊரிலும் ஒரு குன்றோ, பழைய ஏரி மதகோ, கல்வெட்டுள்ள சத்திரமோ நிச்சயம் இருக்கும். ஓய்வு பெற்ற ஒரு வரலாற்று ஆசிரியரோ தொல்லியல் துறைக்காரரோ பக்கத்துத் தெருவில் குடியிருப்பார். அவரைக் கேட்டால் சந்தோஷமாக வருவார். பத்துப் பேர் சேர்ந்தால் நடை தொடங்கிவிடலாம். ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் இல்லாமல் நடக்கிற நடை சுற்றுலாவாகத்தான் முடியும்.

மதுரைக்காரர்களுக்கு: அடுத்த நடைக்கு வாருங்கள். செருப்பைவிட ஷூ நல்லது, ஒரு லிட்டர் தண்ணீர் கட்டாயம், தொப்பி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிவாருங்கள். சாக்பீஸ் வேண்டாம். சாப்பிட்ட இலையையும் தாளையும் கீழே கொண்டுவந்து போடுங்கள். அரிட்டாபட்டிக்குப் போனால், மகாவீரருக்குக் கீழே இருக்கும் வட்டெழுத்தைக் கேட்டுப் படித்துவிட்டு, ஊருக்குள் இறங்கி ஒரு டீ குடித்து, அங்கே இருக்கிறவர்களோடு பத்து நிமிடம் பேசிவிட்டு வாருங்கள். இன்றைக்கும் அந்த மலையைக் காத்து நிற்பது அவர்கள்தான்.